நிக்கலைக் கழிக்க மறந்த செவ்வாய்க்கிழமை

கோட்டுக்காரர் ஒரு நட்சத்திரத்தின் ஆக்சிஜனைத் தவறுதலாகக் கூட்டி எழுதிய செவ்வாய்க்கிழமை, நான்கு மாதமாக வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவர் மனைவி எழுந்து போய்த் துணி காயப்போட்டாள். மூக்கில் குழாய் இல்லை. நுரையீரல் போய்விட்டதென்று சொன்ன டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தன் ஸ்டெதாஸ்கோப்பைத்தான் தட்டிப் பார்த்தார்.

கோட்டுக்காரர் என்றால் கோட்டு போட்டவர் அல்ல. ஆய்வகத்தில் கோடுகளை அளப்பவர். நட்சத்திரத்தின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும். ஆக்சிஜன் கோட்டின் ஆழத்தை வைத்து அங்கே எவ்வளவு ஆக்சிஜன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே இடத்தில் நிக்கலின் கோடும் ஒண்டுக்குடித்தனம் இருக்கும். அதன் பங்கைக் கழித்தாக வேண்டும். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பதற்றத்தில் அவர் கழிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தப்பு.

மறுநாள் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்த நிமிடமே வீட்டில் மனைவியின் உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டுக்காரி போனில் அலற, தப்பு எண்ணையே திரும்பப் போட்டார். "இப்ப நல்லா மூச்சு விடுறாங்க, காபி கேக்குறாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதன்பின் எட்டு மாதம் சாப்பிடக்கூட எழாமல் அந்த எண்ணைக் காவல் காத்தார். பயத்தில் பாதியாக இளைத்தார். ஆய்வகத்தின் நட்சத்திர அட்டவணை அச்சுக்குப் போகிற வாரம், பொய் சொல்லத் தெரியாத மனிதர் மனைவியிடம் மாட்டிக்கொண்டார்.

"கணக்குல தப்பே பண்ணாத மாப்பிள்ளைன்னுதான் எங்கப்பா கட்டிக் குடுத்தாரு."

"அவரு இருந்திருந்தா இந்தத் தப்பப் பண்ணச் சொல்லியிருப்பாரு."

"நான் சொல்லலையே. நாலு பேரு நம்பி வேல செய்யிற கணக்கு. நிக்கலோட காத்த எத்தன நாள் இழுத்துட்டுக் கெடக்குறது? போய்க் கழிச்சிட்டு வாங்க."

காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார், குழந்தை மாதிரி அழுதார். அவள் மசியவில்லை. போனார், கழித்தார். அவரை வழியனுப்பிய வாசலிலேயே அவள் மூச்சு நின்றது.

அடுத்த மாதம் அந்த நட்சத்திரத்தின் ஆக்சிஜன் கோடு சற்று ஆழமாகியிருந்தது. நிக்கலை ஒழுங்காகக் கழித்தார். அப்படியும் பழைய தப்பு எண்ணே வந்தது. வேறு மூன்று ஆய்வகங்கள் அளந்து அதையே சொல்லின. திருத்தம் வெளியானது. காரணம் என்ற கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஓய்வு பெறும்வரை மாதம் தவறாமல் அளந்தார். எண் குறையவே இல்லை.