தணிகாசலத்தின் தள்ளுபடி விலை

ஆடித் தள்ளுபடியின் மூன்றாம் நாள் பிற்பகல், தணிகாசலம் ஜவுளிக்கடையின் நான்காவது மாடியில் விற்பனைக்கு வந்தார். கணவர்களுக்கான நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பவர் கடைச் சரக்கு. அவர் இரண்டே கால் மணி நேரம் இருந்துவிட்டார்.

விற்பனையாளர் முருகையா அவருடைய சட்டைப் பொத்தானில் விலைச்சீட்டைக் கட்டினார். ஆயிரத்து நானூறை அடித்துவிட்டு அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அடிக்கப்பட்ட விலை தணிகாசலத்துக்குத் திருப்தியாக இருந்தது.

"ஆடி முடிஞ்சா?" என்று கேட்டார்.

"குடோன் சார். அடுத்த ஆடிக்குத்தான் வெளிய எடுப்போம்."

பக்கத்து நாற்காலிக்காரர்மேல் ஆறு சீட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கழுத்துக்குக் கீழே அவர் கடைப் பொம்மையாகியிருந்தார்.

"போன ஆடிக்கு வந்தேன்," என்றார் அவர். "எங்க வீட்டுக்காரம்மா கீழ ரெண்டாவது மாடியில இருக்காங்க. மேட்சிங் பிளவுஸ் பாக்குறாங்க. வந்துடுவாங்க."

ஓர் அம்மாள் வந்து தணிகாசலத்தின் கையைக் கசக்கிப் பார்த்தார்.

"துவைச்சா சுருங்குமா?"

"சுருங்கினதுதாம்மா," என்றார் முருகையா.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த வார்த்தை தணிகாசலத்துக்குத் தெரியும். அவருடைய மனைவி குமுதவல்லி 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்ன எதுவும் இருபத்தாறு வருடங்களில் வீட்டுக்கு வந்ததில்லை. பிடித்த பொருளை அவள் நேராகப் பார்க்கமாட்டாள். குறை சொல்லுவாள். இட்லிப் பானைக்கு ஒன்பது குறை சொன்னாள். அது இன்னும் வீட்டில் இருக்கிறது.

லிஃப்டிலிருந்து குமுதவல்லி மூன்று பைகளோடு வந்தாள். விலைச்சீட்டைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள்.

"குறைச்சுச் சொல்லுங்க."

"ஒரே விலைதாங்கக்கா. போர்டு பாருங்க."

தணிகாசலம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"குறட்டை விடும் போலிருக்கே," என்றாள் விசிறியிடம்.

அவர் மூச்சை விட்டார்.

"குடிச்ச டம்ளரைக் குடிச்ச இடத்துலயே வெக்கும். கல்யாண வீட்டுல இலை போடுறதுக்குள்ள கிளம்பலாம்னு நிக்கும். பனியனைக் கையில வெச்சுக்கிட்டே பனியன் எங்கன்னு கேக்கும்."

குறைகள் பதினொன்றாயின. இட்லிப் பானையைத் தாண்டியாயிற்று. தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது.

"நானூத்தம்பது," என்றாள்.

"கட்டாதுக்கா."

"அப்ப வேணாம்." நடந்தாள்.

இதுவும் வழக்கம்தான். பத்தடிக்குள் கடைக்காரர் கூப்பிட வேண்டும். ஆனால் முருகையா ஒரே விலைக் கடையில் தொழில் கற்றவர். கூப்பிடத் தெரியாது. குமுதவல்லியும் கூப்பிடாமல் திரும்பியவள் அல்ல.

பத்தாவது அடியில் தரை நீண்டது. புடவை அடுக்குகள் ஒதுங்கி வழிவிட்டன. அவள் மெதுவாக நடந்தாள். இன்னும் மெதுவாக நடந்தாள். கடை அவளுக்குத் தக்கபடி நீண்டுகொண்டே போனது. தணிகாசலத்தின் கால்விரல்கள் பொம்மையாகத் தொடங்கின.

அவரே எழுந்தார்.

"எக்கா! வாங்கக்கா! பேசிக்கலாம்!"

குமுதவல்லி நின்றாள். திரும்பவில்லை.

"கடைசி விலை?"

"நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்கக்கா."

"நானூத்தம்பதுதான்."

"எடுத்துட்டுப் போங்கக்கா. உங்களுக்காகத்தான்."

அப்போதுதான் திரும்பினாள். தரை பழையபடி சுருங்கிக்கொண்டது. முருகையா பில் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்ட முயன்றார், கைகள் அசையவில்லை.

"ரெண்டாவது மாடியைத் தாண்டிப் போனா," என்றார் அவர், "எங்க வீட்டுக்காரம்மாகிட்ட மெரூன் கலர் மூணாவது அலமாரியில இருக்குன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். படிக்கட்டில் குமுதவல்லி மூன்று பைகளையும் தணிகாசலத்திடம் கொடுத்தாள்.

"உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். இன்னும் நாலடி விட்டிருந்தா முந்நூத்தம்பதுக்கு முடிச்சிருப்பேன்."

"கால் மரத்துப்போச்சும்மா."

"அது பன்னெண்டாவது குறை."

வாசல் காவலாளி பில்லில் ஓட்டை போட்டுத் திருப்பித் தந்தார். "பத்திரமா வெச்சுக்கோங்கம்மா. பில் இருந்தா ஏழு நாளுக்குள்ள மாத்திக்கலாம்."

குமுதவல்லி எந்த பில்லையும் எறிபவள் அல்ல. கல்யாணத்துக்கு வந்த மிக்சியின் பில் இன்றும் பீரோவில் இருக்கிறது. மிக்சிதான் இல்லை.

இந்த பில்லை நான்காகக் கிழித்து, வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"நடங்க," என்றாள். "பஸ் வந்துடும்."