ஜன்னல் பக்கமிருந்து இரண்டாவது கிண்ணம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வீம்பில் பிறந்தது. ஒரு சிற்றிதழ்க்காரர் அழைத்து, "மலையகக் கதை ஒண்ணு வேணும். கொழுந்து, அட்டை, கண்ணீர் எல்லாம் இருக்கட்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சீன எழுத்தில் கொரியாக்காரர் எழுதிய பழைய கவிதையையும் சீனாக்காரர் எழுதியதையும் ஒப்பிடுகிற கதை தருகிறேன். நம்ம தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் பரம்பரைப் பழக்கம்.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி போர்த்திய மலைமுகட்டில்..." வேண்டாம். இதழ்க்காரருக்குச் சந்தோஷமாகிவிடும்.

அடுத்தது: "பண்டைய கிழக்காசியாவில் சீன எழுத்தே கற்றோரின் பொது எழுத்தாக விளங்கியமையால்..." கொட்டாவி விட்டது நீங்களா, நானா? ஆனால் இது தெரியாமல் கதை நகராது. சுருக்கமாகக் கேளுங்கள். அந்தக் காலத்துக் கொரியப் புலவர் வீட்டில் கொரிய மொழி பேசுவார். கவிதை என்று உட்கார்ந்தால் சீன எழுத்தில், சீன யாப்பில் எழுதுவார். அவ்வளவுதான்.

இன்னொன்று: "நிஷாந்தி அன்று தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டாள்." ஆங், இது சரி.

3

நிஷாந்தி அன்று தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டாள். கொரியர் எழுதிய சீனக் கவிதையையும் சீனர் எழுதியதையும் ஒப்பிட்டு இரண்டு வருடமாக முதுகலை ஆய்வு செய்கிறாள். மேற்பார்வையாளர் பேராசிரியர் சுதாகரனோ, "கொரியாக்காரன் எழுதினது சீனத்தோட நிழல். நிழலை எதோட ஒப்பிடுவீங்க? தலைப்பை மாத்துங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சம்மதிக்காவிட்டால் அத்தனை உழைப்பும் போச்சு.

அவளுக்கு அது வெறும் ஆய்வும் இல்லை. பள்ளியில் காவிரியைப் பற்றிக் கவிதை எழுதிப் பரிசு வாங்கியவள் அவள். காவிரியை ஒருநாளும் பார்த்ததில்லை. தன் லயத்து வீட்டுக்குக் கீழே ஓடிய கொத்மலை ஓயா ஆற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை. பார்க்காத சீன ஆற்றைப் பாடிய கொரியப் புலவரைப் படித்தபோது, 'அட, இவன் நம்ம ஆளு' என்று கண் கலங்கிவிட்டாள். அதே ஆள் ஒருநாள் தன் வீட்டு மலையைப் பார்த்துச் சீன எழுத்திலேயே பாடினால், அது யாருடைய கவிதை? அதுதான் அவள் கேள்வி.

"தேயிலச் செடியே சீனாவுல இருந்து வந்ததுதான். அதுக்காக நம்ம தேத்தண்ணிய சீனாத் தேத்தண்ணின்னா சொல்றோம்?" என்றான் அவள் கணவன் கிஷாந்த். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கர். அதற்கு முன் ஐந்து வருடம் கொரியாவில் பிளாஸ்டிக் வாளி செய்தவன். கொரியாவைக் குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. யோசனையும் அவனுடையதுதான்: "கவிதய பேர மறைச்சு வச்சு சேருக்குக் குடுப்போம், நாங்க தேத்தண்ணி ருசி பாக்குற மாதிரி. அப்ப தெரியும் நெழலா நெசமான்னு."

4

பௌர்ணமிப் போயா தினம், தொழிற்சாலைக்கு விடுமுறை. ருசிபார்க்கும் அறையில் வாசகர் வட்டம் கூடியது. டவுனில் புத்தகக் கடை வைத்திருக்கும் கமறியா, இன்னும் நாலைந்து பேர், பேராசிரியர்.* மேசையில் தேத்தண்ணி ஊற்றிய இரண்டு வெள்ளைக் கிண்ணம். ஒவ்வொன்றின் அடியிலும் நாட்டின் பெயர் எழுதி மடித்த ஒரு துண்டுக் காகிதம். கவிதையைக் கேட்டு, ஒரு வாய் உறிஞ்சி, துப்பிவிட்டுப் பேச வேண்டும்.

"ஐயோ, கவிதை கேக்க முந்தியே சேர் விழுங்கிட்டாரு!" என்றாள் கமறியா.

"விழுங்கக் கூடாதுங்க சேர். வாயில வச்சிருந்து துப்பிறணும். இல்லாட்டி அடுத்ததுக்கு ருசி தெரியாது," என்றான் கிஷாந்த்.

"எனக்குத் துப்பிப் பழக்கமில்ல தம்பி," என்றார் பேராசிரியர்.

(* இவர் ரொம்ப வில்லனாகிக்கொண்டு வருகிறாரோ என்று எனக்கே சந்தேகம். அதனால் இதைச் சேர்க்கிறேன். மாணவிக்காகக் கண்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. வரும் வழியில் காலில் ஒரு அட்டையும் ஏறிவிட்டது. இதழ்க்காரர் அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.)

நிஷாந்தி வாசல் பக்கக் கிண்ணத்தின் அருகே நின்று, தான் தமிழாக்கிய முதல் கவிதையை வாசித்தாள்.

மலையில் மழை நின்றது.
பாதி குடித்த கிண்ணத்தில் மேகம்.
ஊருக்குப் போகும் வழி எனக்குத் தெரியும்;
வழிக்கு என்னைத் தெரியாது.

பிறகு ஜன்னல் பக்கக் கிண்ணத்துக்கு நகர்ந்து இரண்டாவதை வாசித்தாள்.

படகு கட்டிய துறையில் நிலா.
தொலைவில் யாரோ துணி துவைக்கும் ஓசை.
நண்பன் இந்நேரம் ஆற்றைத் தாண்டியிருப்பான்;
கையசைத்த கை இன்னும் இறங்கவில்லை.

யாரும் பேசத் தொடங்குமுன்பே கிஷாந்த் ஆவல் தாங்காமல் கிண்ணங்களைத் தூக்கிக் காகிதங்களைப் பிரித்தான். "வாசப் பக்கம் சீனா! ஜன்னப் பக்கம் கொரியா!"

நிஷாந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைகீழ்! மழைக் கவிதைதான் கொரியாக்காரருடையது. "மொதல்ல கொரியா, ரெண்டாவது சீனா" என்று சொல்லித்தான் காகிதங்களை அவனிடம் கொடுத்திருந்தாள். அந்த அறையில் வெளிச்சம் விழுவது ஜன்னல் பக்கம். டீமேக்கர்களுக்கு வரிசை எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். அவன் ஜன்னலிலிருந்து எண்ணி வைத்துவிட்டான். அவள் வாசல் வழியாக வந்தவள், வாசலிலிருந்து எண்ணிவிட்டாள்.

வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா? 'வழிக்கு என்னைத் தெரியாது.' அடடா! இது இரவல் வாங்கி எழுதுறவனுக்கு வராது. தன் மலையைத் தானே பாத்தவனுக்குத்தான் வரும். அதான் சீனம்! மத்தது... படகு, நிலா, நண்பன். எல்லாம் ஏட்டைப் பாத்து எழுதினது. பாவம், கொரியாக்காரன்."

கிஷாந்துக்கு முகம் சிவந்தது. "அப்பிடிச் சொல்லாதீங்க சேர். அந்த ஆறு கொரியாவுல எங்க கம்பெனிக்குப் பின்னாலதான் ஓடுது. துணி தொவைக்கிற சத்தத்த நானே கேட்டிருக்கேன்!"

"கொரியாவுல யாருங்க இப்ப ஆத்துல துணி தொவைக்கிறா?" என்றாள் கமறியா.

நிஷாந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எந்த வார்த்தைக்காக இரண்டு வருடம் ஏங்கினாளோ அதையே சேர் சொல்லிவிட்டார். கொரியாக்காரரின் கவிதைக்கே சொல்லிவிட்டார், சீனாக்காரர் பெயரில்!

"இப்பவாவது ஒத்துக்கிறீங்களா? தலைப்பை மாத்திட்டு வாங்க, உடனே சம்மதம் தாரேன்," என்றார் அவர், அன்பாகத்தான்.

மாறிப்போனதைச் சொன்னால் எல்லார் முன்னாலும் சேருக்குத் தலைகுனிவு; சொல்லாவிட்டால் அவள் தலைப்பு போச்சு.

5

இனி முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

அவள் சொல்லாமல் விடுகிறாள். தலைப்பு மாறுகிறது, பட்டம் கிடைக்கிறது. சுவரில் மாட்டிய அந்தப் பட்டத்தை ஒருநாளும் நிமிர்ந்து... (இதழ்க்காரர் கேட்ட கண்ணீர் இதுதான். தரமாட்டேன்.)

சொல்லிவிடுகிறாள். சேர் விழுந்து விழுந்து சிரித்து, "தோத்துட்டேன் புள்ள" என்று... (இப்படியொரு பேராசிரியரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானும் இல்லை.)

சொல்லிவிடுகிறாள். சேர் வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு... (சீச்சீ. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த மனுஷன்.)

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு கவிதைகளையும் எழுதியது சீனரும் இல்லை, கொரியரும் இல்லை. ஹட்டன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் நானே கட்டியவை. காகிதத்தைப் பிரித்ததும் நீங்களும், "ஆமாமா, இதில் சீன வாசம் அடிக்குது" என்று கொஞ்சமாவது தலையாட்டினீர்களா, இல்லையா? அப்படியானால் சேரை மட்டும் பார்த்துச் சிரிப்பது நியாயமில்லை.

6

நிஷாந்தி வாசல் பக்கக் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் உறிஞ்சுகிறாள். நேரம் கடத்தத்தான்.

"என்ன, ஏதும் சொல்லணுமா?" என்கிறார் பேராசிரியர்.

கிஷாந்த் ஜன்னலைப் பார்க்கிறான். வாசலைப் பார்க்கிறான். மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். இப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறான். பிறகு அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொல்கிறான்: "விழுங்கிறாத புள்ள."

கன்னம் உப்ப நிற்கிறாள். துப்பும் தொட்டி பக்கத்திலேயே இருக்கிறது. துப்பினால் வாய் திறந்துவிடும், உண்மை வந்துவிடும், அப்புறம் சேர் என்ன செய்வாரோ தெரியாது. விழுங்கினால் எல்லாம் சுமுகம். நான் முடிவு தேடி அலைந்த நேரமெல்லாம் பாவம் அவளை இப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். வாயிலிருக்கும் தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீங்களாவது சீக்கிரம் ஒன்றைச் சொல்லுங்கள். அவள் மூச்சுவிட வேண்டும்.