அவன் துப்பாக்கியின் தோட்டா

ஒரே அளவுத் தோட்டா என்றால் எந்தத் துப்பாக்கியிலும் போகும் என்று கடையில் வாங்கிச் சுடுகிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. என்னிடமும் என் கணவன் எல்ட்ரெடிடமும் இருப்பது ஒரே ரகத் துப்பாக்கிதான், முன்னூற்று எழுபத்தைந்து மேக்னம். ஆனால் சுட்ட காலிக் கூடுகளில் அவனே கொட்டகையில் உட்கார்ந்து மருந்து நிரப்பித் தோட்டா செய்கிறான். ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடு, சுட்ட துப்பாக்கியின் அறைக்கு ஏற்ப உப்பியிருக்கும். என்னுடைய கூடுகளை முழுசாக அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவான். தன்னுடையவற்றுக்குக் கழுத்தை மட்டும் அழுத்துவான். அப்போதுதான் குறி பிசகாதாம். அவை அவன் துப்பாக்கியில் வழுக்கிக்கொண்டு போகும். என்னுடையதில் போட்டால், அறையை அடைக்கும் போல்ட் மூடவே மூடாது.

"கரடிக்குப் போறப்பவாவது எல்லாத்தையும் முழுசா அழுத்தித் தொலையேன். அவசரத்துக்கு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கலாம்ல?"

"உன்னோடது உன் பையில, என்னோடது என் பையில. இதுல என்ன கஷ்டம் மாவிஸ்? பக்கத்து வீட்ல சர்க்கரையா கடன் வாங்கப் போற?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே சண்டை. பிடிவாதத்தில் அவனை மிஞ்ச அலாஸ்காவிலேயே ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு வேட்டைக்கு முன்னும் அவரவர் தோட்டாவை ஒவ்வொன்றாக அவரவர் துப்பாக்கியில் போட்டு மூடிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த மே மாதமும் பார்த்தோம்.

கோடியாக் தீவில் கரையிறங்கும்போது ஒரு அலை படகுக்குள் ஏறி எல்லாவற்றையும் நனைத்துவிட்டது. வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் எங்கள் தொழில். அந்த முறை நாங்கள் கூட்டிப்போன பெல்டன் கூரை போடும் காண்ட்ராக்டர். சும்மா இருக்கத் தெரியாத நல்ல மனுஷன். நாங்கள் காற்றில் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் தோட்டாக்களை ஒரு துண்டில் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்து, இரண்டு பைகளிலும் போட்டு வைத்தார்.

"எல்லாம் காஞ்சிருச்சு மாவிஸ்!"

"ரொம்ப நன்றி பெல்டன்" என்றேன். அவர் கண்ணுக்கு எல்லாத் தோட்டாவும் ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை; மறுபடி போட்டு மூடிப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் அவர் சுட்ட குண்டு கரடியின் வயிற்றில் பட்டது. அது ஆல்டர் புதருக்குள் புகுந்துவிட்டது. காயம்பட்ட கரடியை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. பின்னால் போக வேண்டியது வழிகாட்டியின் வேலை. பெல்டனைப் பாறைமேல் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

ஆல்டருக்குள் கை நீட்டும் தூரத்துக்குமேல் கண் போகாது. இலையில் ரத்தம் இருந்தது. தொட்டேன், சூடு ஆறவில்லை.

"பயமா இருக்கா?" என்றான் எல்ட்ரெட், திரும்பாமல்.

"உனக்கு இல்லையா?"

"எனக்குக் கால் நடுங்கல. பூட்ஸ்தான் நடுங்குது."

சிரிப்பு வருவதற்குள் புதர் உடைந்தது.

அவன் சுட்டான். நானும் சுட்டேன். கரடி நிற்கவில்லை. அது முன்காலால் விட்ட ஒரே அடியில் அவன் ஒரு பக்கம் விழுந்தான், துப்பாக்கி என் காலடியில் வந்து விழுந்தது. அதன் அடியில் தோட்டாக்களைத் தாங்கும் தகடு திறந்து, உள்ளே இருந்த தோட்டாக்கள் சேற்றில் புதைந்துவிட்டன. கரடி அவன்மேல் ஏறித் தோளைக் கவ்வியது. அவன் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். பாதியில் நின்றது. உள்ளங்கையால் குத்தினேன், நகரவில்லை. அந்தத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றினேன். அதுவும் அதே இடத்தில் நின்றது.

அப்போதுதான் துண்டின்மேல் எல்லாவற்றையும் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெல்டன் கண்முன் வந்தார். பையில் மிச்சம் இருப்பதில் எது என்னுடையது, எது அவனுடையது? பார்த்தால் தெரியாது. ஆனால் இந்த ஒன்று யாருடையது என்று தெரியும். என் துப்பாக்கி ஏற்றுக்கொள்ளாத தோட்டா அவனுடையதாகத்தான் இருக்க முடியும்.

போல்ட்டை இழுத்துத் தோட்டாவைக் கையில் எடுத்தேன். என் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவனுடையதை எடுத்து, அவன் சுட்ட காலிக் கூட்டை வெளியே தள்ளினேன். கடவுளே, இது கீழே மட்டும் விழுந்துவிடக் கூடாது என்று தோட்டாவை அறைக்குள் விட்டுப் போல்ட்டைத் தள்ளினேன்.

மூடிக்கொண்டது.

இரண்டு எட்டு ஓடி, கரடியின் காதுக்குக் கீழே குழாயை வைத்துச் சுட்டேன். அது அவன்மேலேயே சரிந்தது.

தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கத்திக் கத்திப் பெல்டனை வரவழைத்து, இருவருமாக அதைப் புரட்டினோம். கரடியைவிட அவர் முகம்தான் அதிகம் செத்துப்போயிருந்தது. வயர்லெஸ்ஸில் விமானத்தைக் கூப்பிடச் சொல்லி அவரைக் கூடாரத்துக்கு விரட்டினேன். எல்ட்ரெடின் தோளில் என் சட்டையை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். அவன் கண்ணைத் திறந்தான்.

"எதுல சுட்ட?"

"உன்னோடதுல. உன் தோட்டாவ வெச்சு. என்னோடதுல ரெண்டு தோட்டா மூடல. எல்லாம் கலந்து கெடந்திருக்கு."

தலையைத் திருப்பித் தன் துப்பாக்கியைத் தேடினான். பிறகு, "என்னோடதுல நல்லா மூடுச்சா?" என்றான்.

"நல்லாவே மூடுச்சு."

"நான்தான் சொன்னேனே."

அவனை அறைந்திருப்பேன். கையை எடுத்தால் ரத்தம் கொட்டும் என்பதால் அறையவில்லை. அதற்குப் பதிலாக அழுதேன். மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதேன். அவன் இல்லாத கொட்டகையை நான் என்ன செய்வேன்?

அவன் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. விமானச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

"அழாத மாவிஸ். வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் முழுசா அழுத்திடறேன். என்னோடதையும்."

"அழுத்தவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். "முதல்ல நீ வீட்டுக்கு வா."