மணியத்தின் உள்ளங்கைச் சூடு

மலேசியாவின் சிகாமட்டில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் மணியம் நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒன்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். விறகு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்; தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டால் போதும். கை வேகாது.

பண்ணைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த வழி சொல்லும் ஷர்மினி தம்போய் நகரிலிருந்து வந்த வாரத்தில் இது தொடங்கியது. மணியம் மாடு வளர்ப்போர் சங்கத் தலைவர். பதினோரு ஆண்டுகளாகப் போட்டியின்றித் தேர்வானவர், போட்டியிட நினைத்தவர்களை வீடு தேடிப்போய்ப் பார்த்துவிடுவார் என்பதால். மாலை, இளநீர், நான்கு பக்க வரவேற்புரை எல்லாம் தயார். ஷர்மினியோ வழி தவறி, பக்கத்துப் பண்ணைக் கஸ்தூரியிடம் இறங்கிவிட்டார். பாலைக் குளிரவைக்கும் இயந்திரம் பின்பக்கம் வீணாகக் கக்குகிற சூட்டைக் குழாயில் பிடித்து, கறவைக் கருவி கழுவும் தண்ணீரைச் சுடவைக்கலாம் என்று அங்கேயே சொல்லியும்விட்டார். கஸ்தூரி உடனே குழாய் போட்டார். அவருடைய மின்மீட்டர் பாதி வேகத்தில் நடந்தது. இரண்டாவது ஆளாகக் கேட்ட யோசனையை ஒரு தலைவர் எப்படிச் செய்வார்? மணியம் வேலியோரம் நின்று அந்த மீட்டரையே பார்த்தார். நான்காம் நாள் கை கழுவப் போனார். வாளித் தண்ணீர் கொதித்தது.

ஷர்மினி வெப்பமானியோடு வந்து அளந்தார்.

"அங்கிள், ஹீட்டரே போடலையா?"

"எதுக்குலா? நான் இருக்கேனே."

படிவத்தில் எரிபொருள் என்ற கட்டத்தில் 'உரிமையாளர்' என்று எழுதப்பட்டது. மாவட்டத்தின் முன்மாதிரிப் பண்ணை என்ற பலகை மணியத்தின் வாசலில் ஏறியது.

அன்று மாலையே, கையை விட்டும் தண்ணீர் சுடவில்லை. கஸ்தூரி மேல் பொறாமைப்பட இனி எதுவும் மிச்சமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு. தேறாவிட்டால் பலகை கஸ்தூரிக்கு. அந்தப் பயத்தில் கை இன்னும் சில்லிட்டது. கடைசியில் தலைவர் வேலியைத் தாண்டினார்.

"கஸ்தூரி, உன் பெருமைய எங்கிட்ட வந்து கொஞ்சம் பேசேன்."

"அலமாக்! அதுக்குப் பேசாம குழாயே போட்டுடலாமே அண்ணே."

"குழாயப் பத்திப் பேசாத. பெருமையப் பேசு."

அதிலிருந்து விடிகாலைக் கறவை முடிந்ததும் கஸ்தூரி வந்து தொட்டியருகே நிற்பார். மகன் உலு திராமில் மூலை வீடு வாங்கியதையும், சிவலைப் பசு இரட்டைக் கன்று போட்டதையும், மருமகள் எதிர்த்துப் பேசாததையும் சொல்வார். தண்ணீர் கொதித்ததும் போய்விடுவார். பலகை ஆறு ஆய்வுகளிலும் தப்பியது. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காம் ஆண்டு ஒருநாள் கஸ்தூரி கையைப் பிசைந்தார்.

"இன்னைக்கு ஒண்ணுமே இல்லண்ணே."

"இந்தப் பலகை உனக்கு வரவேண்டியது. எம்மேல உனக்குப் பொறாமையே வரலையா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏதுண்ணே? மாட்டப் பாக்குறேன், சாப்பிடுறேன், படுத்தா தூங்கிப் போறேன்."

மணியம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பொய் இல்லை. தண்ணீர் கொதித்த வேகத்தில் தொட்டி மூடி எகிறிச் சாணத்தில் விழுந்தது. கஸ்தூரி அதை அலம்பி வைத்துவிட்டுப் புல்லறுக்கப் போனார். மறுநாளிலிருந்து அந்தப் பதிலை நினைத்தாலே மணியத்துக்குப் போதும்; அவர் வரவேண்டியிருக்கவில்லை.