செத்த ராஜாவுக்குக் காவல்

இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு சீன ராஜாவுக்கு நான் செம்பூரில் காவல் நின்றுகொண்டிருந்தேன். நேரடியாக அவனுக்குக்கூட இல்லை. அவன் சமாதியைக் காக்க மண்ணால் செய்து புதைத்த வீரர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய நகல்கள் எட்டு. மால் ஒன்றில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அசலைக் காக்கச் சீனாவில் ஆள் இருப்பான். நகலைக் காக்க இந்த நயினார்.

காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. ஐம்பத்தேழு வயதில் கால் வீங்கி, வீட்டுக்குப் போய் ஷூவைக் கழற்றுவதே பெரும்பாடு. "எப்படி கம்பீரமா நிக்கிறாங்க பாரு" என்று ஜனங்கள் வீரர்களைக் காட்டிச் சொல்வார்கள். என்னைக் காட்டி ஒருவரும் சொன்னதில்லை.

அன்று பதினோரு மணிக்கு அக்கா மகள் ஜான்சி போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டா."

கனகவள்ளி அக்கா. எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். வீடு தாராவியில், ஆட்டோவில் அரை மணி நேரம். எங்கள் பக்கத்தில் பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தாமல் பாடையில் ஏற்ற மாட்டார்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான்.

சூப்பர்வைசர் இனாயத்துல்லாவைக் கூப்பிட்டேன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. "அரே நயினார், மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா ரிலீவர் வராம போஸ்ட்ட விட்டுப் போகக் கூடாது, மாலூம் ஹை நா, தெரியும்ல? ரெண்டு மணிக்கு அஸாருதீன் வந்துடுவான். அப்புறம் கெளம்பு."

போன மாதம் டூட்டி பாதியில் போனவனை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். இந்த வயதில் என்னை எவன் சேர்ப்பான்? நின்றேன். வெட்கக்கேடு, மூன்று மணி நேரம் நின்றேன்.

இரண்டு மணிக்கு அஸாருதீன் வரவில்லை. தாணேயிலிருந்து வருகிறவன், விக்ரோலியில் ரயில் நின்று மாட்டிக்கொண்டானாம். இரண்டரைக்கு அக்கா வீட்டுக்காரர் முத்துசெல்வம் பேசினார். "மாப்ள, குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுத்தாச்சு. சுடுகாட்டுல நாலு மணிக்கு டைம் குடுத்துருக்கான். கோடி மட்டுந்தான் பாக்கி. எங்க இருக்க?"

"டூட்டில இருக்கேன் அத்தான்."

"சரி" என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எட்டு வீரர்களையும் பார்த்தேன். ராஜா செத்தும் இவர்களுக்கு லீவு கிடையாது. மாற்றிவிட யாரும் வரவும் இல்லை. மண்ணால் செய்தது, நிற்கிறது. எனக்கென்ன கேடு? மறுபடி இனாயத்துல்லாவைக் கூப்பிட்டேன்.

"நான் போறேன் சார்."

"போஸ்ட்ல யாரு?"

"எட்டு பேரு நிக்காங்க. எல்லாம் என்னைய விட சீனியரு."

தாராவியில் சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை ஒன்று வாங்கிக்கொண்டு யூனிபார்மோடு ஓடினேன். மூன்றே முக்கால். அக்காவைக் குளிப்பாட்டிச் சந்தில் கிடத்தியிருந்தார்கள். கோடியைப் போர்த்தினேன். குனிந்தவனால் நிமிர முடியவில்லை. ஜான்சிதான் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

வெள்ளிக்கிழமை அக்கா பேசியிருந்தாள். "ஒருதரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயேம்ல" என்றாள். டூட்டி முடிந்ததும் வருகிறேன் என்றேன். அன்று டபுள் டூட்டி போட்டார்கள். அடுத்த இரண்டு நாளும் போட்டார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மூணு நாளா கதவத் தாழ்ப்பாப் போட விடல மாமா" என்றாள் ஜான்சி. "தம்பி டூட்டி முடிஞ்சு வருவான், கால் வலியோட வருவான், தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னா. நேத்தும் தெறந்துதான் கெடந்துச்சு."

அத்தான் என் தோளைத் தொட்டார். பிறந்த வீட்டாரைக் கேட்காமல் தூக்கக் கூடாது.

"தூக்கலாமா மாப்ள?"

அழுதுகொண்டே தலையை ஆட்டினேன்.