கதவில் நுழையவில்லை

மீட்டர்காரரைச் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் ஒரு ரிட்டர்ன் சீட்டைக் காட்டினால் போதும். கடையில் வாங்கிய சோபாவையோ கட்டிலையோ ஜனங்கள் திருப்பி அனுப்பும்போது, என்ன காரணம் என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடுவார்கள். 'நிறம் பிடிக்கவில்லை.' 'முதுகு வலிக்கிறது.' 'மாமியாருக்கு வேண்டாமாம்.' இவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது 'கதவில் நுழையவில்லை' என்பதுதான். "ஒரு டேப்பை வச்சு அளந்து பாக்கத் துப்பில்லாதவனெல்லாம் சோபா வாங்கக் கிளம்பிடுறான்" என்று வயிறு குலுங்கச் சிரிப்பார்.

பகலில் அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. எந்த வீட்டில் பிரிட்ஜ் முனகுகிறது, எந்த வீட்டில் நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஞானத்தை வீணாக்குவானேன் என்று, மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, ரிட்டர்ன் சரக்கு வாங்கி விற்கும் பக்கத் தொழிலில் இறங்கினார். சரக்கு கொடுக்கும் குடோன்காரரிடம் ஒரு சட்டம் உண்டு. நல்ல பொருள் ஒன்று வேண்டுமென்றால் ஒன்றுக்கும் ஆகாத இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நல்லது விற்றுவிடும். மற்ற இரண்டும் வீட்டிலேயே குடியேறிவிடும்.

இப்படிக் குடியேறிக் குடியேறி ஹாலில் மூன்று சோபாக்கள், சுவரில் சாய்த்த ஐந்து மெத்தைகள், நெளிந்த கதவோடு ஒரு பிரிட்ஜ். வீட்டில் இருந்த இரண்டு பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தே பழகிவிட்டார்கள். ஹாலில் இடம் தீர்ந்ததும் சரக்கு மகளின் அறைக்குள் நுழைந்தது. அவள்தான் புருஷன் வீட்டில் இருக்கிறாளே, அறை சும்மாதானே கிடக்கிறது என்பது அவருடைய நியாயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள்.

"அப்பா, நாளைக்கு அங்க வர்றேன்."

"வா கண்ணு. மாப்பிள்ளையும் வர்றாரா?"

"இல்ல. நான் மட்டும்தான். என் ரூம் இருக்குல்லப்பா?"

"இருக்காம எங்க ஓடிப் போயிடும்?"

அறை எங்கேயும் ஓடிப் போகவில்லைதான். உள்ளே கால் வைக்க இடமில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு பெரிய பைகளோடு வந்தாள். மூன்று மணி நேரம் சமையலறையில் அம்மாவும் மகளும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிற மனைவி எதையும் பெரிதுபடுத்திப் பேசுகிறவள் அல்ல. அன்றைக்குப் பிரிட்ஜுக்கும் மெத்தைக்கும் நடுவில் அவரை நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"அவ திரும்பிப் போறதுக்கு வரல. சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டு வந்துட்டா."

"என்னடி சொல்ற? அடிச்சானா?"

"அடிச்சிருந்தா காயத்தைக் காட்டலாமே. அடிக்க மாட்டானாம். ராத்திரியெல்லாம் தூங்க விடாம கேள்வி கேப்பானாம். யார்கிட்ட பேசின, எதுக்குச் சிரிச்ச. இவ வேற ரூமுக்குப் போனா அங்கயும் வந்து நிப்பானாம். அந்த வீட்டுல ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்ல. கழட்டி ஒளிச்சு வச்சிருக்கான். பாத்ரூம் கதவுக்குக்கூட."

அந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசி முடித்தவர் மீட்டர்காரர்தான்.

"அவ நம்மகிட்ட வேற ஒண்ணும் கேக்கல," என்றாள் மனைவி. "கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கணுமாம். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை அவன் கூட்டிட்டுப் போக வருவான். அதுக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. அவளுக்குன்னு ஒரு இடம் இருந்தாத்தான் 'நான் இங்கயே இருக்கேன்'னு அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல வாய் வரும்."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். மகளின் அறையிலிருந்து இரண்டு மேஜை, ஒரு வாஷிங் மெஷின், எட்டு நாற்காலிகள் வெளியே வந்தன. சிலவற்றைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார், சிலவற்றை மொட்டை மாடிக்கு ஏற்றினார். சாயங்காலம் அறைக்குள் அவள் கட்டிலும் அலமாரியும் மட்டுமே மிச்சம்.

அந்த அலமாரியின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு தரம் பொருத்திக் கழற்றிய அலமாரிப் பலகையில் திருகு போட்ட ஓட்டையெல்லாம் பெரிதாகிவிடும், மறுபடி திருகினால் பிடிக்காது. அதனால்தான் அது ரிட்டர்ன் சரக்கில் கடைசி ஜாதி. மீட்டர்காரர் இரண்டு அலமாரிகளின் பலகைகளைச் சேர்த்து, ஒவ்வொரு ஓட்டையிலும் தீக்குச்சியைத் திணித்து, மூட்டுக்கு மூட்டு பசையை ஊற்றி, மூன்று கதவு வைத்த ஒரே அலமாரியாக நிறுத்தியிருந்தார். வேறு இடம் இல்லாததால் அறைக்குள்ளேயே கட்டினார். யானை வந்து முட்டினாலும் அசையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அறையின் நீளத்துக்கு அதுவும் நீளம். கதவைச் சாத்தப் போனால் அலமாரியின் மூலையில் இடித்து ஒரு முழம் திறந்தே நிற்கும். கட்டிய அன்றைக்கு அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

"உடைச்சுப் போடுங்க," என்றாள் மனைவி.

"நல்ல சாமான்டி. பள்ளிக்கூடத்து தலைமையாசிரியை கேட்டிருக்காங்க. சனிக்கிழமை ஆளு அனுப்புறாங்க. நமக்கும் ஆச்சு, அவளுக்கும் ஆச்சு. ரெண்டு நாள்தானே?"

ரெண்டு நாள்தானே என்று அவர் சொன்னதை மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஹாலில் சோபாவின் மேல் போர்வையை விரித்தாள். பழக்கதோஷத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது:

"பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துடாத கண்ணு. எடுத்துட்டா பழசுன்னு சொல்லிடுவாங்க."

"சரிப்பா."

அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்த உறை சரசரவென்று சத்தம் போட்டது. விடியும்வரை அவருக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் நான்கு லோடுமேன்கள் வந்தார்கள். கதவு குறுக்கே நிற்கிறது என்று முதலில் கதவைக் கழற்றினார்கள். மீட்டர்காரரே முன்னால் நின்று திருகைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேர வேலை, மறுபடி மாட்டிவிடலாம் என்று மகளிடம் சொன்னார். அவள் கழற்றிய கதவிலிருந்த தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலமாரி வாசல்வரைக்கும் வந்தது. எதிரே நாலடியில் நடைச்சுவர். திரும்ப வழியில்லை. சாய்த்தால் மேலே இடித்தது, நிமிர்த்தினால் பக்கத்தில் இடித்தது. இன்னும் இரண்டு விரற்கடை கிடைத்தால் போதும் என்று நெம்புகோலைப் போட்டதில் கதவு நிலையின் ஒரு பக்கம், கீல் பிடிக்கிற இடத்திலேயே, நெடுகப் பிளந்துகொண்டது.

லோடுமேன்களில் மூத்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதை எப்படி சார் உள்ள கொண்டு போனீங்க?"

"உள்ளயே வச்சுக் கட்டினேன்."

"அப்ப உள்ளயே வச்சுக்கோங்க," என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. அனுபவஸ்தர் சொன்ன முடிவாக இருந்தது. அலமாரியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கழற்றிய கதவு ஹாலில் சோபாவின் மேல் சாய்ந்து கிடந்தது.

தச்சருக்குப் போன் போட்டார். திங்கட்கிழமைக்கு முன்னால் முடியாது என்றார் தச்சர். கதவே இல்லாத அறையில் அலமாரியை உடைத்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்று கையிலெடுத்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். மனுஷன் புத்தி அன்றைக்கு அப்படித்தான் வேலை செய்தது.

"விடுங்கப்பா, போர்வையைக் கட்டித் தொங்க விட்டுக்கிறேன்," என்றாள் மகள். கட்டவும் செய்தாள். ஜன்னல் காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மீட்டர்காரரின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. எவ்வளவு கெஞ்சியும் மாற்றித் தரவில்லை. போகும்போது, "வாயைத் திறந்து பேசுங்க. உங்களைத்தான் நம்பிட்டுப் போறேன்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மீட்டர்காரரும் மூன்று நாளாக ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். 'மாப்பிள்ளை, அவளுக்குன்னு இங்க ஒரு ரூம் இருக்கு, அவ இங்கயே இருக்கட்டும்.' மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது.

மாப்பிள்ளை பழப்பையைக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் சரசரக்க உட்கார்ந்தார். குரல் உயராது அவருக்கு. எப்போதும் சிரித்த முகம்.

"நாலு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வரட்டும்னுதான் மாமா விட்டேன். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. ஹால்லதான் படுக்கிறாளாமே?"

"இல்ல மாப்பிள்ளை, அவளுக்கு..."

மாப்பிள்ளை சாய்ந்து கிடந்த கதவை அப்போதுதான் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, ஆடுகிற போர்வையைப் பார்த்தார்.

"இதுவும் விக்கிறதுக்கா மாமா?"

மீட்டர்காரருக்குத் தயாராக வைத்திருந்த வாக்கியத்தின் முதல் பாதி தொண்டையில் மாட்டிக்கொண்டது. 'அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கு' என்று எந்த வாயால் சொல்வார்? இரண்டாம் பாதியை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அவ இங்கயே இருக்கட்டும். அதற்குக் கதவு எதற்கு, அறை எதற்கு? அது அவருக்கு அப்போது தோன்றவில்லை. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கேட்டார்:

"தண்ணி குடிக்கிறீங்களா மாப்பிள்ளை?"

மகள் போய்ப் பைகளை எடுத்து வந்தாள். போர்வையை அவிழ்த்து மடித்து வைத்தாள். தான் படுத்திருந்த சோபாவின் உறையை உள்ளங்கையால் நீவி விட்டாள்.

"சுருக்கம் விழலப்பா. வித்துடலாம்."

குத்திக்காட்டச் சொன்னதாக இருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அக்கறையாகத்தான் சொன்னாள். ஒரு பையை அவர் வாங்கிக்கொண்டு, மெத்தைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து, தெருமுனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் அவர் கையாலேயே ஆட்டோவில் வைத்தார்.

திரும்பி வந்து அலமாரியை உடைத்தார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. யானை முட்டினாலும் அசையாதென்று சொன்னது மூன்றாவது அடியில் வாயைப் பிளந்துவிட்டது. பலகைகளை ஜன்னலோரம் அடுக்கிவிட்டு, பிளந்த கதவு நிலையில் தீக்குச்சியும் பசையும் திணித்து, கீலை ஒரு சாண் இறக்கிப் போட்டுக் கதவை மாட்டினார். அதற்கு ஒரு மணி நேரம். கொஞ்சம் கோணல், ஆனால் சாத்தியது. இதை நேற்றே செய்திருக்கலாம் என்பது தாழ்ப்பாள் போய் விழுந்த சத்தத்தில்தான் அவருக்கு உறைத்தது.

மத்தியானம் மனைவி வந்தாள். பைகள் இல்லாத இடத்தைப் பார்த்தாள், மாட்டியிருந்த கதவைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் சமையலறைக்குள் போனாள்.

சாயங்காலம் போன் வந்தபோது அவர் மகளின் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வந்து சேந்துட்டேன்பா."

"கண்ணு, கண்ணு, கேளு. அலமாரியை உடைச்சுட்டேன். ரூம் காலியா இருக்கு. கதவு சாத்துது. தாழ்ப்பாள் போட்டுப் பாத்துட்டேன், நல்லா விழுது. இப்பவே நான் கிளம்பி வந்து..."

அவளுக்கு மிகப் பக்கத்தில் ஓர் ஆண்குரல், யார் என்ன சொல்கிறார்கள் என்று சாந்தமாகக் கேட்டது.

"அப்பாதான்," என்றாள் அவள். பிறகு போனுக்குள் சத்தமாக, தெளிவாகச் சொன்னாள். "அப்படியாப்பா? அலமாரி வித்துடுச்சா? ரொம்ப நல்லதுப்பா. சரி, வச்சிடுறேன்."

மனைவி வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். யார் போனில் என்று கேட்டாள். மறுபடியும் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவரால் எழுந்து போய்த் திறக்க முடியவில்லை.