மலை வரைந்த பேனர் துணி

ரூபனின் வலது கையில் மூன்று விரல்களை உடைத்தவன் நான்தான். மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம் சிரித்தவன் நான்.

காரமடையில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே அவன் வீடு. அவன் அப்பா எங்கள் தோட்டத்து ஆள். ரூபன் கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறைக்குப் போகிறவன். தொண்ணூற்றாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குக் குடிலோடு சேர்த்து மேட்டுப்பாளையத்து மலை ரயிலைச் சின்னதாகச் செய்து ஓடவிட்டிருந்தான். ஊரே போய்ப் பார்த்தது. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த என்னிடம் எங்கள் இன்னொரு பண்ணையாள் வேலுமணி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ஏனுங்க, அந்த மலைக்குள்ள உங்க அய்யன் மொகம் தெரியுதுங்க. ரயிலு வாய்க்குள்ளார போயிட்டு வருதுங்க. பசங்க சிரிக்கறாங்க."

அய்யன் என்று நான் கூப்பிட்ட அப்பா செத்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. மண்வெட்டியைக் கல்லில் தட்டிக் காம்பைக் கழற்றிக்கொண்டு போனேன்.

ரூபன் ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்கியிருந்தான். சூரியன் உதிப்பதைக் காட்ட மலைக்குப் பின்னால் ஒரு பல்பு. அய்யன் சாவுக்கு நாங்கள் கட்டிய பேனர் துணியின் பின்பக்கத்தில்தான் மலையை வரைந்திருந்தான். நீலமலைக்குள்ளிருந்து அய்யனின் மீசை, திருநீறு, இடம் வலம் மாறிய 'கண்ணீர் அஞ்சலி' எல்லாம் தெரிந்தன. குகை இருந்த இடத்தில் அவர் வாய். ரயில் உள்ளே நுழைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முதல் அடியில் மேசை சாய்ந்தது. எஞ்சினைக் காலால் நசுக்கினேன். தடுக்க வந்த கையில் இரண்டாவது அடி விழுந்தது. உள்ளே எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்கு அப்போது அது இனித்தது.

"பிளைவுட்டுக்கு வசதியில்லைங்ண்ணா," என்றான் ரூபன், கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி. "தெர்மாகோல் பெயிண்டு பட்டதும் உருகிப்போச்சுங்க. சார்ட் பேப்பர் பனியில சுருண்டுக்கிச்சுங்க. இது சாக்குக் கடையில மிதிபட்டுக் கெடந்துதுங்க, மனசு கேக்கலைங்க. மொகத்துமேல பேப்பர் ஒட்டித்தான் வெச்சனுங்க. பல்பு சூட்டுல பேந்துபோச்சுங்க."

"எங்கய்யனைச் சாக்குக் கடையில வித்தவன் எவன்டா? சொல்லு, அவனை வெட்டிப்போடறேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "தெரியாதுங்க."

மூன்றாவது அடி அந்தத் 'தெரியாதுங்க'வுக்கு. அதே கையில்.

துணியைக் கிழிக்காமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவனைப் போட்டு மிதித்து மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா அதைக் கூடத்தில் விரித்து, அய்யனின் நெற்றியிலிருந்த செம்மண் கறையை விரலால் சுரண்டினாள்.

"இது நம்ம கடலைக்காய் அம்பாரத்து மேல போத்துன துணிதான கண்ணு? மழைக்கு ஆகும்னு நீதான எடுத்தே. பொறவு கிழிஞ்ச சாக்கோட கட்டி எடைக்குப் போட்டுப்போட்டே."

பத்து நாளைக்கு முன்னால்தான் அந்தச் சாக்குக் கட்டை ஜபருல்லாவின் சாக்குக் கடையில் வண்டியிலிருந்து இறக்கினேன். மலை வரைய மலிவாக ஏதாவது கிடைக்குமா என்று அங்கே பழைய துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தான் ரூபன். என்னைக் கண்டதும், "உடுங்ண்ணா, நான் புடிக்கறேன்," என்று ஓடிவந்து கட்டின் மறுதலைப்பைத் தூக்கிக் கொடுத்தான்.